முயலை உள்ளே வைத்து வேலி கட்டிய கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தோட்டத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி. போன கடிதத்தில் உன் அலுவலகத்து ஜன்னலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு உன்னைப் பற்றி 'நல்லா இருக்கேன்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். படித்துவிட்டு அப்பா என்னைத்தான் பார்த்தார். அப்படியே என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாய், யாரை நொந்துகொள்வது.

அந்த ஆலோசனை மேசை வேலை என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதங்களில் கேட்டுவிட்டாய். இரண்டு தடவையும் நான் பதில் எழுதாமல் உன் சித்தியின் முட்டிவலியைப் பற்றி எழுதினேன். முட்டிவலி இப்போது பரவாயில்லை, அதனால் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று குளிர்காலத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். விண்ணப்பம் போட்டது இரண்டே பேர். ஒருவர் மைக். அவருடைய சத்தத்துக்காக நாங்கள் வைத்த பெயர், அவரே இப்போது போனில் 'நான்தான் மைக்' என்று சொல்லிக்கொள்கிறார். இன்னொருத்தி நான். குளிர் விட்டதும் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் ஒரு தோட்டம் போட வேண்டும், எட்டு வாரம் கழித்துப் பெரிய மேடமும் வெளியிலிருந்து இரண்டு தோட்டக்காரர்களும் வந்து பார்ப்பார்கள், அதை வைத்து முடிவு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் பாப்பா. இதை எழுதும்போதே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இருபத்தொரு வருஷமாக நான் பார்ப்பது ஒரே வேலை. ஈரத்தாளில் நூறு விதைகளை இடுக்கியால் வரிசையாக வைப்பேன், ஏழாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணுவேன், எழுதுவேன், முளைகளைக் குப்பையில் கொட்டுவேன். எட்டாம் நாள் ஒரு செடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற தாவரவியல் பட்டம் இதற்குத்தான். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான், 'ஏறினவ ஏறின படியிலேயே நின்னுட்டா' என்று உன் சித்தி சொல்வாள். அவள் சொன்னதும் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், பிறகு பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

இந்தத் தடவை அப்படி இல்லை என்று மண்வெட்டியை எடுத்தேன். பின்புறத்து மண் குளிரில் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. முதல் நாள் இரண்டு அடி கொத்தினேன், மறுநாள் அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. அப்பா கொத்தி முடித்தார். சருகும் வைக்கோலும் வாங்கி வந்து, பிறகு செடிகளுக்கு நடுவே பரப்பலாம் என்று தோட்டத்து மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குவியலாகப் போட்டு வைத்தேன். எரு கலந்தோம், பாத்தி பிடித்தோம், பட்டாணி, முள்ளங்கி, முட்டைக்கோஸ், கீரை என்று விதைத்தோம். எப்படி விதைத்தேன் என்று கேட்காதே, அப்பா எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இடுக்கியால் விதைத்தேன். பத்துக்குப் பத்து, நூறு விதை, நூல் பிடித்தது போல. அப்பா வேலியோரம் நின்று 'ஏம்மா, விதைக்கிறியா, பூ வேலை பண்றியா' என்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஏழாம் நாள் காலையில் முள்ளங்கி அழகாக முளைத்து நின்றது. நான் குனிந்து முதல் வரிசையில் பத்தையும் பிடுங்கி, வேர் நீளம் பார்த்து, நல்லது எட்டு, ஊனம் இரண்டு என்று கையில் இருந்த தாளில் எழுதி, குப்பைக்கூடையை எங்கே என்று தேடினேன். அப்போதுதான் நான் வீட்டில் இருக்கிறேன் என்று உறைத்தது. பத்தையும் திரும்ப நட்டேன். அவை என்னை நம்பவில்லை, வாடிவிட்டன. ஆகவே தோட்டத்தை முதலில் அழித்த விலங்கு எது என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்.

இரண்டாவது விலங்கு மூன்றாம் வாரத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பட்டாணியில் பாதி இல்லை. தண்டுகள் எல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கியது போலச் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. மான் கடித்தால் பிய்த்து இழுத்த மாதிரி நார் நாராக இருக்கும், அதனால் இது முயல் என்று எனக்குத் தோன்றியது. அப்பா ஒரே பிடியாக மான் என்றார். லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்துக்கு வெளியே போன வருஷம் ஒரு மான் சாலையைக் கடந்ததைப் பார்த்தாராம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள், உன் அப்பா முயலைப் பிடிக்கவே இல்லை, அதற்குள் அதற்குக் கொம்பும் முளைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவைக் கேட்டோம். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, பல் பட்ட எதையும் பார்த்தும் மூன்று வருஷமாகிறது போலிருக்கிறது, ஓடியே வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். 'மேல்பல்லும் கீழ்ப்பல்லும் என்னமா பொருந்துது பாருங்க, நான் கட்டின பல்செட்கூட இப்படிப் பொருந்தினதில்ல, இது முயல்தான்' என்றார். அவர் போனதும் அப்பா, 'பல் டாக்டருக்குத் தோட்டத்தைப் பத்தி என்ன தெரியும்' என்றார். தாவரவியல் படித்தவளுக்கே என்ன தெரியும் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முயலோ மானோ, வேலி வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் அப்பா வேலி கட்டினார். அவருடைய தொழில் தெரியுமே, ஒரு கயிறு போதும் என்ற இடத்தில் நாலு கயிறு போடுகிற ஆள். இடுப்பளவு கம்பி வலை, நாலு மூலையிலும் இரும்புக் கம்பம், தானாகவே மூடிக்கொள்கிற சுருள்கம்பி வைத்த கதவு, அதற்கு இரண்டு கொக்கி. கட்டி முடித்துக் கதவை மூடியபோது லிஃப்ட் மூடுகிற மாதிரியே ஒரு சத்தம் வந்தது, இரண்டு பேரும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் கீரை இல்லை. அடியில் தோண்டி வருகிறது என்று நான் சொன்னேன், அப்பா வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கினார். முட்டைக்கோஸ் போயிற்று. அப்போ மான்தான், தாண்டி வருது என்று ஏழு அடிக்கு உயர்த்தினார். மிச்சமிருந்த பட்டாணியும் போயிற்று. அப்பா தினமும் காலையில் வேலியைச் சுற்றி ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்ப்பார், ஒரு ஓட்டை இருக்காது, ஒரு முடி ஒட்டியிருக்காது, வெளியே ஒரு கால்தடம் கிடையாது. வேலியே பயிரை மேய்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், நம் வீட்டில் நிஜமாகவே அப்படித்தான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. என் பழைய குளிர்கோட்டையும் தொப்பியையும் மாட்டி ஒரு சோளக்கொல்லைப் பொம்மையும் நிறுத்தினோம். மூன்றாம் நாள் டாக்டரம்மா குறைப்பட்டுக்கொண்டார், தினமும் நின்று வணக்கம் சொல்கிறாராம், நான் பதிலே சொல்வதில்லையாம். பொம்மை என்று சொன்னதும் 'வழக்கமா நீங்களும் பேச மாட்டீங்களே, அதான் நீங்கன்னே நினைச்சுட்டேன்' என்றார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது. பொம்மை என்னைவிட நிமிர்ந்து நின்றது என்பதுதான் உண்மை.

எட்டாம் வாரம் வந்துவிட்டது. பார்வையாளர்கள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. வியாழக்கிழமை மாலை தோட்டத்தில் இருந்தது பதினொரு முள்ளங்கி, அதிலும் மூன்றுக்கு இலை இல்லை. மைக் வீட்டில் பட்டாணி ஆள் உயரம் ஏறியிருப்பதாகப் படம் காட்டினார். அன்று அப்பா வரும்போது நர்சரியிலிருந்து ஒரு தட்டு நிறைய முட்டைக்கோஸ் நாற்றுகள் வாங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே 'காலையில நட்டுடலாம், அவங்களுக்கு என்ன தெரியப்போகுது' என்றார். நீ என்னைப் பெரிய நேர்மைக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை இந்த இடத்தில் விட்டுவிடு. காலை ஒன்பது மணிக்கு நான் மண்டியிட்டு நட்டேன். நாலு நட்டதும் புது மண் கறுப்பாகத் தெரிகிறதே, மேலே வைக்கோல் போட்டு மறைக்கலாம் என்று தொட்டிக்குப் பின்னால் போய்க் குவியலில் கை வைத்தேன். குவியல் குதித்தது. முழு வளர்ந்த முயல் ஒன்று என் முழங்கையில் உதைத்துவிட்டு ஓடி, வேலியில் முட்டி, திரும்பி, மறுபக்கம் ஓடி, அங்கேயும் முட்டி, தோட்டத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்தது. அது இருந்த இடத்தில் காய்ந்த புல்லும் அதன் முடியும் வைத்துச் செய்த ஒரு குழி, அதில் கட்டை விரல் நீளத்தில் ஐந்து குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. அது வேலி கட்டுவதற்கு முன்பே அந்த வைக்கோலில் குடி வந்திருக்கிறது பாப்பா. நாங்கள் அதை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறோம். நரி வராமல், நாய் வராமல், மான் வராமல், ஏழு அடி உயரத்தில், ஒரு அடி ஆழத்தில், இரண்டு கொக்கி போட்டு, வேளைக்குக் கீரையும் பட்டாணியும் விதைத்து, இதைவிட நன்றாக ஒரு பிரசவத்தை யார் பார்த்திருக்க முடியும். அப்பா வந்து பார்த்தார். மூலைக் கம்பத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு 'வேலி ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு' என்றார்.

குட்டிகளை மூடிவிட்டு, வலையின் ஒரு மூலையைத் தூக்கிக் கட்டி வழி விடும்படி அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிய முடிச்சை அவரே அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, அப்படிக் கட்டியிருக்கிறார். அவர் கடைசி முடிச்சில் இருக்கும்போதே வாசலில் கார் வந்துவிட்டது. பெரிய மேடம், தக்காளி போடுகிற ஒரு உயரமான பெரியவர், கூட ஒரு அம்மா. நான் கை கழுவக்கூடப் போகவில்லை. மேடம் வேலியை மேலும் கீழும் பார்த்தார். பெரியவர் 'வேலி கோட்டை மாதிரி இருக்கும்மா, செடி எங்க' என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா குனிந்து என் நாலு முட்டைக்கோஸையும் தொட்டுப் பார்த்து, 'இது நேத்து சாயங்காலம் எங்க நர்சரியில இருந்து போன நாத்தாச்சே' என்றார். நர்சரியே அவருடையது. உன் அப்பா கொக்கியைச் சரிபார்ப்பது போல முதுகைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் காது வரை சூடு ஏறியது. இனி ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும் எப்படியோ பேச்சு வந்துவிட்டது. ஆமாம், உங்கள் நாற்றுதான், ஏமாற்றத்தான் நட்டேன், எட்டாவது நாளிலிருந்து எனக்கு எதுவும் தெரியாது என்று ஆரம்பித்து, இடுக்கி, பிடுங்கிய முள்ளங்கி, சாய்ந்த வெட்டு, பல் டாக்டர், பொம்மை, முயல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுப்பட்ட தண்டுகளைக் காட்டினேன், மான் கடிக்கும் முயல் கடிக்கும் வித்தியாசம் சொன்னேன், வேலி போடுமுன் குவியல்களைக் கிளறிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன், குட்டிகள் மூன்று வாரத்தில் தாமாகப் போய்விடும், அதுவரை இந்த மூலையில் கை வைக்கப் போவதில்லை, வழியையும் மூடப் போவதில்லை என்று சொன்னேன். பெரியவர் சிரித்துச் சிரித்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நர்சரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன வருஷம் அவரும் ஒரு கொட்டகையில் நரியை வைத்துப் பூட்டியதாகச் சொன்னார். மணி பார்த்தால் ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. என் வாழ்நாளில் நான் தொடர்ந்து பேசியதில் இதுதான் நீளம், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட நான் இவ்வளவு பேசியதில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வேறு ஆளாகியிருப்பேன். கிளம்பும்போது மேடம் 'இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா' என்று நேராகக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'மைக் சார் இருக்கார் மேடம், அவர் ரொம்ப நல்லாப் பேசுவார், அவர் தோட்டம் ரொம்ப அழகா இருக்கு' என்றேன். கார் திரும்பும் வரை கையாட்டிக்கொண்டே நின்றேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார், என் தலையில் இல்லை, அவர் தலையில்தான். இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு போன புதன்கிழமை தேநீர் இடைவேளையில் மைக்கே வந்து, ஊருக்கே கேட்கிற குரலில், 'அக்கா, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே, என் பேர்ல ஆர்டர் டைப் ஆகுதாம்' என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டும் என்றும் சொல்லவில்லை, விண்ணப்பத்தில்கூட ஏன் இந்த வேலை என்ற இடத்தில் 'மக்களுக்குப் பயன்படும்' என்றுதான் எழுதியிருந்தேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். மேடம் அறைக் கதவுக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன், போன வருஷத்து விடுமுறைப் பட்டியல் உட்பட. பிறகு உள்ளே போய், உட்காராமலே, 'மேடம், எனக்கு அந்த வேலை வேணும்' என்றேன். குரல் கீச்சென்று வந்தது. ரொம்ப நாள் உபயோகிக்காத குழாயைத் திறந்த மாதிரி. மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். 'இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன உங்களுக்கு? வந்த ரெண்டு பேரும் உங்களைத்தான் சொன்னாங்க. எல்லாம் சரியா வளர்ந்த தோட்டத்துக்காரர்கிட்ட நாங்க என்னத்தைக் கேக்கன்னாங்க. நீங்கதான் வேண்டாங்கிற மாதிரிப் பேசிட்டீங்க. இருபத்தொரு வருஷத்துல உங்க வாயில இருந்து வேணும்னு ஒரு வார்த்தை இப்பத்தான் கேக்கறேன்' என்றார். ஆர்டரை என் பேருக்கு மாற்றி டைப் அடிக்கச் சொன்னார். ஆறு மாதம் பார்ப்பார்களாம், பிறகு நிரந்தரம். திங்கட்கிழமையிலிருந்து நான் மேசைக்குப் போகிறேன்.

மைக் இரண்டு நாள் என்னுடன் தேநீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். 'என்னைப் பாராட்டியே கவுத்துட்டீங்களே அக்கா' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் முழுச் சிரிப்பு இல்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. ஒன்றைக் கேட்டு வாங்கினால் இப்படி ஒரு உறுத்தலும் கூட வரும் போலிருக்கிறது, கேட்டுப் பழக்கமில்லாததால் எனக்குத் தெரியவில்லை. அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பாவிடம் சொன்னேன், அவர் நேராகப் போய் உன் சித்திக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவள் கேட்டுவிட்டு 'படி ஏறிட்டியாக்கா' என்றாள். சிரிக்கவில்லை. அழுதாள் என்று நினைக்கிறேன், கேட்டால் மூக்கடைப்பு என்கிறாள்.

நீ கவனமாக இரு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. இரண்டு பேர் அறையில் நீ ஒருத்தியே பெருக்கித் துடைப்பதாக எழுதியிருந்தாய், மற்றவளிடம் அதைச் சொல், எழுதி ஒட்டாதே, வாயால் சொல். இந்த யோசனையைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை, மொத்தம் ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன். ஆனால் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொரு தடவையும் செய்துவிடுகிறேன். நீ போய் மூன்று வருஷத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் 'முடிந்தால் வா, வேலை இருந்தால் பரவாயில்லை, நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். நீயும் அதை நம்பி வராமலே இருந்துவிட்டாய், உன் மேல் தப்பில்லை. அது பொய் பாப்பா. பரவாயில்லை என்பதெல்லாம் இல்லை. நாங்கள் நினைக்கிறோம், நிறையவே நினைக்கிறோம். இந்த விடுமுறைக்கு நீ வீட்டுக்கு வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இரு. விடுமுறைத் தேதியை நாளைக்கே அலுவலகத்தில் கேட்டு எழுது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா